மரப்பட்டையில் காற்றின் கணக்கு

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு வாதுகளில் படிந்த பாசியைச் சுரண்டிவிடும் வேலை நம் மலைகளில் உண்டு. சுரண்டுமுன் சற்று உற்றுப் பாருங்கள். மெத்தென்று பச்சையாக இருப்பதுதான் பாசி. சாம்பலும் வெளிர்பச்சையும் கலந்து, ஓரம் சுருண்ட சிறு தகடுகளாக ஒட்டியிருப்பது வேறு. பாடப்புத்தகத்தில் அதற்கு இலைக்கன் என்று பெயர். ஒரு பங்கசும் ஓர் அல்காவும் நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது.

இலைக்கனுக்கு வேர் கிடையாது. தேயிலை இலைக்கு இருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. மழையும் மூடுபனியும் தூசியும் கொண்டுவருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும், பல வருடம் இருக்கும். அதனால் காற்றில் வந்த ஈயமும் நாகமும் செம்பும் கட்மியமும் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன.

நகரக் காற்று கெட்டால் இலைக்கன் குறைகிறது என்பதை 1866இல் பாரிஸின் லக்சம்பேர்க் பூங்காவைக் காட்டி எழுதியவர் வில்லியம் நைலாண்டர். இலங்கையின் இலைக்கன்களைப் பற்றிய அவரது நூலும் 1900இல் வெளிவந்தது. கொழும்பிலும் குருநாகலிலும் ஹெட்டரோடேர்மியா ஸ்பெசியோசா என்ற இலைக்கனை எக்ஸ் கதிர் முறையில் சோதித்து, காற்று மாசை ஆராய்ந்த ஆய்வு 2011இல் வெளியானது.

பதுளையிலும் இதைச் செய்யலாம். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நின்றுவிட்டது. ஆனாலும் பிரேக் தேய்ந்தால் செம்பும், டயர் தேய்ந்தால் நாகமும் தூசியாகப் பறக்கின்றன. பதுளை பஸ் நிலையத்தருகே ஒரு மரம், பண்டாரவளை வீதியோரம் ஒன்று, வாகனம் எட்டாத மலையில் ஒன்று என எடுத்து ஒப்பிடலாம். மரமும் இலைக்கனும் ஒரே இனமாக, எடுக்கும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1946இல் கொப்புள நோய் வந்ததிலிருந்து தேயிலைக்குச் செம்பு மருந்து அடித்து வருகிறோம். மருந்து அடித்த மலையில் எடுத்த இலைக்கனில் செம்பு கூடியிருந்தால், அது வாகனத் தூசியா, அடித்த மருந்தா என்று பிரித்தறிய முடியாது. அதனால் அந்த மலைகளைத் தவிர்க்க வேண்டும். கண்ணால் பார்த்தும் முடிவு கட்டக்கூடாது. அப்புத்தளையில் இலைக்கன் அடர்ந்திருக்க மூடுபனியே காரணமாகலாம். உலோகத்தின் அளவை ஆய்வுகூடந்தான் சொல்லும்.

வருடக்கணக்கில் கருவி வைத்துக் காற்றை அளக்கச் செலவு அதிகம். மரங்களோ அந்தக் கணக்கை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கின்றன. நம் பாடசாலை விஞ்ஞானச் சங்கங்கள் மரங்களைக் குறித்து மாதிரி எடுத்துக் கொடுத்தால், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள் அவற்றைச் சோதிக்கலாம். ஆசிரியர்கள் இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள். அதுவரை, மரத்துக்கு நோய் பிடித்துவிட்டது என்று எண்ணிப் பாடசாலை வளவு மரங்களைச் சுரண்டிவிடாதீர்கள். இலைக்கன் மரத்தை உண்டு வாழ்வதில்லை.