மருத்துவ மாணவரின் மனமும் கற்கும் சூழலும்



தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டால் தோட்டமே மகிழ்கிறது. “இனி என்ன கவலை?” என்கிறோம். ஆனால், கல்லூரிக்குள் போன பிள்ளைக்கு அந்த இடம் எப்படிப்பட்டதாகத் தோன்றுகிறது என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இதைக் கேட்பதற்கென்றே ஒரு வினாத்தாள் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1997ஆம் ஆண்டு வெளிவந்த அதற்கு ‘டிரீம்’ என்று பெயர். மலேசியா உட்படப் பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது மாணவரைச் சோதிக்கும் தேர்வன்று; மாணவர் தம் கல்லூரிக்குப் புள்ளி போடும் தாள்.

அதில் 50 கூற்றுகள் உண்டு. ஒரு கூற்றை முழுமையாக ஏற்றுக்கொண்டால் 4 புள்ளி. அறவே மறுத்தால் 0. குறை கூறும் 9 கூற்றுகளுக்கு மட்டும் கணக்குத் தலைகீழாகும். ஆக மொத்தம் 200 புள்ளிகள். 100ஐத் தாண்டாத கல்லூரியில் சிக்கல்கள் நிறைய உண்டு என்றும், 150ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு என்றும் கொள்வார்கள்.

அதில் பாடம் நடத்தும் முறையைப் பற்றி மட்டுமா கேட்கிறார்கள்? இல்லை. ஆசிரியர் ஏளனம் செய்கிறாரா, சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்க முடிகிறதா, மனம் சோர்ந்தால் கைகொடுக்க ஆள் உண்டா, நண்பர்கள் உண்டா, தங்குமிடம் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

நண்பருக்கும் வைத்தியப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். மருத்துவ மாணவர் புத்தகத்தில் மட்டும் கற்பதில்லை. வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்றும் கற்கிறார். அங்கே தெரியாததைத் “தெரியாது” என்று சொல்லும் துணிவு வேண்டும். ஏளனத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டால், தீராத அந்தச் சந்தேகத்தோடேயே அவர் டாக்டராகிவிடுவார். பிறகு துன்பப்படுவது நோயாளிதான்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குக் கூச்சம் இன்னும் அதிகம். நாமோ தொலைபேசியில், “உன்னைத்தான் நம்பியிருக்கிறோம்” என்று மட்டும் சொல்கிறோம். அன்பால் சொல்லும் அந்தச் சொல்லே பாரமாகி, பிள்ளை தன் துன்பத்தை மறைத்துவிடக் கூடும்.

ஆகவே பெற்றோர்களே, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “புரியாததைக் கேட்க முடிகிறதா? சேர்ந்து சாப்பிட யாராவது இருக்கிறார்களா? இரவில் தூங்குகிறாயா?” பதில் நன்றாக இல்லையென்றால், “இடம் கிடைக்காமல் எத்தனை பேர் தவிக்கிறார்கள்!” என்று அடக்கிவிடாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். கல்லூரியின் மாணவர் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் நாள் கடத்தாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

இதே கேள்விகளை முதலாம் ஆண்டில் படிக்கும் சின்னப் பிள்ளையிடமும் கேட்கலாம். பதில் பள்ளியைப் பற்றியதாக இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அதைக் கேட்டுத் திருந்தக் கடமைப்பட்டவர்கள்.