ஒலிபெருக்கியும் வீட்டுக் கூடமும்



எங்கள் ஊராகிய எலவனாசூர்கோட்டையில் பழைமையான சிவன் கோயில் ஒன்று உண்டு. அதன் கல் மண்டபத்தில் நின்று ஒருமுறை கை தட்டினால் ஓசை உடனே அடங்குவதில்லை. சுவரிலும் தூணிலும் மோதிச் சிறிது நேரம் உலவிய பின்னரே ஓய்கிறது. அறுவடை முடிந்த வயல்வெளியில் தட்டினாலோ, எழுந்த ஓசை அப்போதே மறைந்துவிடும். தட்டிய கை ஒன்றே. கேட்கும் ஓசை வேறு. இடம் ஒலியை மாற்றுகிறது என்னும் இவ்வுண்மையைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். ஆயினும் என் வீட்டில் அதை மறந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் ஸ்டீரியோ இசைப்பெட்டி ஒன்று வாங்கினேன். புதிதாய்க் கட்டிய வீட்டின் கூடத்தில் வைத்தேன். வழவழப்பான தரை, வெறுஞ்சுவர், கான்கிரீட் கூரை. பாட்டு எப்படி இருந்தது தெரியுமா? பானைக்குள் முகம் கவிழ்த்து ஒருவர் பாடியது போலிருந்தது. மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. விற்ற கடைக்காரரைக் கேட்டேன். "இன்னும் பெரிய ஒலிபெருக்கி வேண்டும் ஐயா" என்றார். என் ஒரு மாத ஓய்வூதியம் அதற்குப் போதாது. ஆயினும் வாங்கத் துணிந்துவிட்டேன்.

அவ்வேளையில் ஐப்பசி அடைமழை பிடித்தது. ஈரம் தட்டிய மெத்தைகளையும் போர்வைகளையும் என் மருமகள் கூடத்திலேயே கொடி கட்டிப் போட்டாள். அன்று மாலை பாட்டைக் கேட்டபோது திகைத்துப் போனேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது! பெட்டி மாறவில்லை, கூடம் மாறியிருந்தது.

காரணம் எளிது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து நேரே காதுக்கு வருவது ஒரு பங்கு. சுவர், தரை, கூரை ஆகியவற்றில் மோதிச் சற்றுப் பிந்தி வருவது மற்றொரு பங்கு. மலையடிவாரத்தில் எதிரொலி தனியே கேட்கும். சிறிய அறையிலோ இடைவெளி மிகக் குறைவாதலின், பிந்திய ஒலி முந்திய ஒலியோடு கலந்து அதைக் கலக்கிவிடுகிறது.

இதை முதன்முதல் அளந்து காட்டியவர் வாலஸ் சபைன் என்னும் அமெரிக்க இளம் பௌதிக ஆசிரியர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற குறை 1895இல் அவரிடம் வந்தது. அங்கே ஓர் ஓசை ஓய ஐந்தரை வினாடி பிடித்தது. அவர் இரவு வேளைகளில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, கடிகாரமும் கையுமாக அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்து, முடிவில் ஒரு வினாடியை ஒட்டி வந்தது. அவர் அறிந்து செய்ததை என் மருமகள் அறியாமலே செய்துவிட்டாள்!

இனி, நீங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுகிறேன். இரண்டு ஒலிபெருக்கிகளும் நீங்கள் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். பக்கம் 2 மீட்டர் இருந்தால் நன்று. சிறிய கூம்பு உங்கள் காதின் உயரத்தில் இருக்கட்டும். பெட்டியை மூலையில் ஒடுக்கினால் கீழ்ச்சுருதி ஒலிகள் அளவுக்கு மீறி உப்பும். ஆகவே சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். கம்பிகளை இணைக்கையில் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் சரிபாருங்கள். ஒரு பெட்டியில் முனை மாறினாலும் கீழ்ச்சுருதி மெலிந்துவிடும். இணைப்புச் சரியாயிருந்தால், வானொலிச் செய்தி வாசிப்பவர் இரு பெட்டிகளுக்கும் நடுவே அமர்ந்து பேசுவது போலத் தோன்றும்.

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதையும் பயன்படுத்துங்கள். நீங்கள் உங்கள் இடத்தில் அமர்ந்துகொண்டு, தம்பியையோ தங்கையையோ பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஒலிபெருக்கி கண்ணாடிக்குள் தெரிகிறதோ, அந்த இடமே ஒலியைத் திருப்பி உங்கள்மேல் எறியும் இடம். அங்கே கனத்த துணி ஒன்றை மாட்டுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். துணி மேல்சுருதியையே மிகுதியாக உறிஞ்சும். எனவே அறை முழுவதையும் துணியால் மூடிவிடாதீர்கள். மூடினால் இசை உயிரிழந்து மந்தமாகும்.

ஒலியைக் கூட்டிவிட்டால் தெளிவும் கூடும் என்று எண்ணாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மூன்று டெசிபல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். போன செவிப்புலன் திரும்பாது.

மழை நின்றது, மெத்தைகள் காய்ந்து உள்ளே போயின. புதிய ஒலிபெருக்கிக்கென எடுத்து வைத்த தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு மர அலமாரி ஒன்று வாங்கினேன். மூட்டையில் கிடந்த என் புத்தகங்களை அதில் அடுக்கி, வெறுஞ்சுவரை ஒட்டி நிறுத்தினேன். ஒலி சிதறி அடங்குவதற்கு அது பெரிதும் உதவியது. புத்தகங்களும் கைக்கு எட்டின.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். இன்று மாலை உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். பணப்பையைத் திறப்பது அதற்குப் பிறகு ஆகட்டும்.