பால் குடித்த சுண்டெலிக் குட்டிகள்



கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனால், "வெறும் வயிற்றோடு வாங்க, காபி கூட வேண்டாம்" என்று லேபில் சொல்லி அனுப்புவது வழக்கம். காரணம் இருக்கிறது. நாம் சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் குடலில் செரித்தபின், கைலோமைக்ரான் என்னும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளாகி ரத்தத்துக்கு வருகின்றன. பலமான விருந்துக்குப் பிறகு ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களைப் பிரித்துப் பாருங்கள். மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சள் நீர் கலங்கிக் கிடக்கும். சில மணி நேரத்தில் அது தானாகத் தெளிந்துவிடும்.

தானாக என்றா சொன்னேன்? தவறு. தெளியவைக்க ஓர் ஆள் இருக்கிறது. லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, சுருக்கமாக எல்.பி.எல். தசை, இதயம், கொழுப்புத் திசு ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களில், உட்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உருண்டை பக்கத்தில் வந்ததும் அதிலுள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, அங்கேயே கொடுத்துவிடும். கொழுப்பு ஏறிய நாய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டால் ரத்தம் சட்டென்று தெளிகிறது என்று 1943-இல் ஆய்வாளர் பால் ஹான் எழுதினார். ஹெப்பாரின் பட்டதும் இந்த நொதி சுவரிலிருந்து கழன்று ரத்தத்தில் கலப்பதுதான் அதன் ரகசியம்.

சரி, இந்த நொதியே இல்லாவிட்டால்? 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் உயிரோடுதான் பிறந்தன. தாய்ப்பால் குடித்தன. பிறகு வெளுத்தன, நீலம் பாரித்தன, ஒரு நாள் முடிவதற்குள் செத்துப்போயின. சாதாரணக் குட்டிகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் டிரைகிளிசரைடு இருந்தது. இவற்றில் சுமார் 15,000. நுண்குழாய்கள் எல்லாம் கொழுப்பு உருண்டைகளால் அடைந்துகிடந்தன. தாய்ப்பாலே எமனாகிவிட்டது.

அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதான எலிகள் பிழைத்து வளர்ந்தன. கொழுப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவே. இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பெங்கும் நொதி இல்லாத எலிக்கு, தசையில் மட்டும் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். குட்டிகள் பிழைத்தன, ரத்தமும் தெளிந்தது. ஓர் இடத்தில் வேலை நடந்தாலே போதும் என்று தெரிந்தது.

ஆனால் சுண்டெலி குட்டி மனிதன் அல்ல. இதே குறையோடு பத்து லட்சத்தில் ஒருவர் அளவில் பிறக்கும் மனிதக் குழந்தைகள் உயிர்பிழைக்கிறார்கள். அவர்களை வதைப்பது கணைய அழற்சி, அதன் கொடிய வயிற்றுவலி. அவர்களுக்கென உருவான மரபணு மருந்து கிளைபெராவுக்கு 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. விலை சுமார் 10 லட்சம் யூரோ. வாங்க ஆள் அரிது, 2017-இல் அனுமதியைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். இன்றும் அந்த நோயாளிகளுக்கு முதல் வைத்தியம், எண்ணெயும் நெய்யும் ஏறக்குறைய அறவே இல்லாத சாப்பாடுதான்.