பழைய விருதுக்குப் புதிய இடமா?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கல்வி விழாவில், அமெரிக்காவில் பணியாற்றி ஊர் திரும்பியுள்ள பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயற்குழுவினர் என்னைப் பேச அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. வரும் ஆண்டு முதல் பள்ளி மாணவர்களுக்கான ரோபோட்டிக்ஸ் போட்டியை நம் அறக்கட்டளை நடத்த இருக்கிறது. அதற்கான விதிமுறை வரைவை என்னிடம் காட்டினார்கள். "ஒருமுறை சிறப்பு விருது பெற்ற பள்ளி, அதன்பின் எல்லா ஆண்டும் இறுதிச் சுற்றுக்கு நேரடியாகத் தகுதி பெறும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. "நீங்கள் அங்கே இதைப் பார்த்தவர்தானே, இது சரியா?" என்று கேட்டார்கள். சரி, தவறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. இதே கேள்வியை என் மகள் ஒருநாள் காரில் வைத்து என்னிடம் கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் அந்தப் போட்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். உடம்போடு அணிந்துகொள்ளும் மருந்து பம்ப்பையும், இரண்டு சக்கரத்தில் நின்றபடியே போகும் செக்வே வண்டியையும் உருவாக்கியவர் அவர்தான். விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். அந்த ஒரே போட்டிதான் அப்போது எல்லாமே என்பதால், தகுதிச் சுற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்று உலகம் முழுவதும் 3000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி அணிகள் அதில் இருக்கின்றன. ஜனவரியில் அந்த ஆண்டுக்கான விளையாட்டு அறிவிக்கப்படும். சில வாரங்களுக்குள் பிள்ளைகள் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ரோபோவை வரைந்து, அறுத்து, வெல்டிங் செய்து, புரோகிராம் எழுதி ஓட்ட வேண்டும். களத்தில் மூன்று அணிகள் ஒரு கூட்டணி, எதிரே மூன்று அணிகள் இன்னொரு கூட்டணி. ஓர் ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். ஏப்ரல் கடைசியில் உலக சாம்பியன்ஷிப். நான் அங்கே இருந்த காலத்தில் அது செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. ஏறத்தாழ 400 அணிகளுக்குத்தான் அதில் இடம்.

அந்தப் போட்டியின் மிக உயர்ந்த விருது ஆட்டத்தில் வெல்லும் ரோபோவுக்குக் கிடைப்பதல்ல. சேர்மன்ஸ் அவார்டு என்று அதற்குப் பெயர். 2023 முதல் இம்பாக்ட் அவார்டு என்கிறார்கள். சுற்றியுள்ள பள்ளிகளுக்குக் கற்றுக்கொடுத்து, புதிய அணிகளை உருவாக்கி, தன் ஊருக்கே பயன்பட்ட அணிக்கு அது போகும். உலக அளவில் அதைப் பெற்ற அணி 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். நான் இருந்தபோது அந்தப் பட்டியலில் உள்ள அணிகளுக்கு உலகப் போட்டியில் நேரடி இடம் உண்டு. 1992 முதல் விடாமல் பங்கேற்று வரும் ஆரம்பகால அணிகளுக்கும், முந்தைய ஆண்டு உலக வெற்றியாளர்களுக்கும்கூட அப்படித்தான்.

நான் வேலை பார்த்த ஊரின் பள்ளி அணிக்கு மாலை நேரங்களில் வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. மின்இணைப்பு வேலை முழுவதும் அவள் பொறுப்பு. அந்த ஆண்டு மண்டலப் போட்டியில் சுமார் ஐம்பது அணிகளில் நாங்கள் பதினோராவதாக வந்தோம். கூட்டணியில் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். காலிறுதி தாண்டி அரையிறுதியில் ஒரு சங்கிலி அறுந்தது, தோற்றோம். எங்கள் சீசன் அத்தோடு முடிந்தது. ஹால் ஆஃப் ஃபேம் அணி ஒன்றும் அங்கே வந்திருந்தது. தரவரிசையில் முப்பதுக்கும் கீழே. எந்தக் கூட்டணியும் அவர்களை எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் செயின்ட் லூயிஸ் போவார்கள், நாங்கள் போகமாட்டோம்.

திரும்பி வரும்போது காரில் நெடுநேரம் பேசாமல் இருந்தவள், "வாப்பா, அந்த அணி விருது வாங்கியபோது இப்போது அதில் இருக்கிற ஒருத்தராவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பார்களா?" என்று கேட்டாள். நான், "அவர்கள் பெரியவர்கள், செய்த நன்மைக்குக் கிடைத்த மரியாதை, நாம் பொறாமைப்படக் கூடாது" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை. பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளிடம் இப்படித்தான் பலமுறை தப்பித்துக்கொள்கிறோம்.

உயர்நிலைப் பள்ளி என்பது அங்கே நான்கு ஆண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அணியின் மொத்த ரத்தமும் மாறிவிடுகிறது. எண்ணும் பெயரும் சட்டையும் மட்டும் அப்படியே இருக்கும். இண்டியானா மாநிலத்தின் கோகோமோ நகர அணி 1994இல் அந்த உயர்ந்த விருதைப் பெற்றது. அன்று அந்த ரோபோவைத் தூக்கிய பிள்ளைகள் இன்று நடுவயதை எட்டியிருப்பார்கள். அவர்கள் சம்பாதித்த மரியாதை அந்தப் பள்ளிக்கு என்றும் உரியது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் களத்தில் நிற்கும் இடம் என்பது வாப்பாவின் வீடு மகனுக்கு வருவது போன்ற சொத்தா?

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே சொன்ன அந்த அணிதான், போட்டியின் முதல் நாள் இரவு எங்கள் மோட்டார் கன்ட்ரோலர் எரிந்தபோது தங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து என் மகள் கையில் கொடுத்தது. அவர்களில் ஒரு மாணவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வயரிங்கைச் சரிபார்த்தான். அந்தப் பொருள் இல்லாவிட்டால் நாங்கள் பதினோராவது என்ன, நாற்பதாவதுகூட வந்திருக்கமாட்டோம். விருது வாங்கிப் பல ஆண்டு கழித்தும், வாங்கியவர்கள் யாரும் அங்கே இல்லாதபோதும், அந்தப் பழக்கம் கைமாறி வந்திருக்கிறது. நேரடி இடத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது இதைத்தான்: இப்படிப்பட்ட அணிகள் உலகப் போட்டியில் இருந்தால்தான் மற்றவர்கள் பார்த்துக் கற்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்ற பள்ளி இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். 2004இல் அப்பள்ளி மாணவர்கள் நால்வர், பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி ஒட்டி நீருக்கடியில் ஓடும் ரோபோ ஒன்றைச் செய்தார்கள். செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. கல்லூரிகளுக்கான பிரிவில் துணிந்து போட்டியிட்டு, எம்.ஐ.டி. மாணவர்களையே முந்தினார்கள். 2015இல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற பெயரில் அது திரைப்படமாகவும் வந்தது. அதே பள்ளியின் ஃபர்ஸ்ட் அணி 2008இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது. 2011இல் சேர்ந்த அணி ஹவாய் மாநிலத்தின் வையலுவா பள்ளி. 1996இல் சர்க்கரை ஆலை மூடப்பட்டு வேலை போன ஊர் அது. இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஓர் இடம் உறுதி என்றால், ஒரு வருடம் முன்பே ஸ்பான்சரிடம் போய்க் கேட்கலாம், விமானச் சீட்டை மலிவாக எடுக்கலாம்.

இதைக் கேட்டு நான் பல நாள் மனம் மாறியே இருந்தேன். பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் மண்டலப் போட்டியில் ஜெயிக்கும் புதிய அணிக்கு, உலகப் போட்டிக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் நுழைவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர், பேருந்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் திரட்ட வேண்டும். கேக் விற்றும், கார் கழுவியும் பணம் சேர்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது இல்லை. பெயரும் ஸ்பான்சரும் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இருக்கிறது. கார்ல் ஹேடன் போன்ற ஒரு பள்ளிக்குச் செய்யும் உதவி என்று நினைத்து எழுதிய விதி, பத்து ஆண்டு கழித்து வேறொரு கார்ல் ஹேடனை வாசலில் நிறுத்திவைக்கலாம்.

எண்ணிக்கையை வைத்து இதைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. அன்று அந்தப் பட்டியலில் இருந்தவை இருபதை ஒட்டிய அணிகள்தான். அந்த ஓர் அணி வராமல் இருந்திருந்தால் அந்த இடம் எங்களுக்கு வந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. காத்திருப்போர் பட்டியலில் எங்கோ கிடந்திருப்போம். ஆனால் பட்டியல் வளரும் விதத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்று சேரும். 2017 முதல் 2019 வரை உலகப் போட்டி இரண்டு நகரங்களில் நடந்தபோது ஆண்டுக்கு இரண்டு சேர்ந்தன. உள்ளே போக வாசல் இருக்கிறது, வெளியே வர வாசல் இல்லை. இன்று சிறிய சலுகையாகத் தெரிவது முப்பது வருடத்தில் என்ன ஆகும் என்று விதி எழுதுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

நடத்துபவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2013இல் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மண்டலப் போட்டியில் வென்ற அணிக்கு ஏற்கெனவே உலகப் போட்டியில் இடம் இருந்தால், அந்த இடம் வீணாகாமல் இறுதி ஆட்டத்தில் தோற்ற கூட்டணிக்குப் போனது. யாருடைய மரியாதையும் குறையவில்லை, பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு கூடியது.

இடம் கொடுப்பதில் வேறு வழியும் உண்டு. டீன் கேமன் 2017இல் நாடுகளுக்கிடையே ஃபர்ஸ்ட் குளோபல் என்ற போட்டியை வாஷிங்டனில் நடத்தினார். 150க்கும் மேற்பட்ட நாடுகள். பணக்கார நாடானாலும் ஏழை நாடானாலும் பொதுவாக ஒரு நாட்டுக்கு ஓர் அணி. ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து ஆறு பெண்பிள்ளைகள் தேர்வானார்கள். விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. உலகமே பேசிய பிறகு கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்து வந்து சேர்ந்து, துணிவுக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தோம். அந்தப் பிள்ளைகளுக்கு முந்தைய விருது எதுவும் கிடையாது. பழைய கணக்கைப் பார்த்து இடம் கொடுக்கும் போட்டியாக அது இருந்திருந்தால், அவர்கள் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே செயற்குழுவுக்கு என் கருத்து இது. "எல்லா ஆண்டும்" என்ற சொல்லை வரைவிலிருந்து எடுத்துவிடுங்கள். விருது பெற்ற பள்ளிக்கு அடுத்த ஓர் ஆண்டு மட்டும் நேரடி இடம் கொடுங்கள். விருதுக்கு உழைத்த பிள்ளைகளில் பாதிப் பேராவது அப்போதும் அந்தப் பள்ளியில் இருப்பார்கள், அது அவர்களுக்கே போய்ச் சேரும். அந்த இடத்தை மற்றவர்களின் எண்ணிக்கையில் கழிக்காமல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிந்த பிறகும் அந்தப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். இறுதிச் சுற்று நாளில் அரங்கத்தில் அவர்களுக்கு ஒரு மேசை போடுங்கள். கருவிப் பெட்டியோடு வரட்டும், எரிந்துபோன மோட்டாருக்கு மாற்று மோட்டார் கொடுக்கட்டும். அவர்கள் பெயரைப் பலகையில் எழுதி நம் அலுவலகச் சுவரில் மாட்டுங்கள், அது என்றும் இருக்கட்டும். முதல்முறை தகுதி பெறும் பள்ளிக்குப் பயணச் செலவு என்று ஒரு சிறு தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். விருந்துச் செலவைக் கொஞ்சம் குறைத்தாலே அது வந்துவிடும். நான் இப்படிச் சொன்னதற்காகச் சாப்பாட்டுப் பொறுப்பாளர் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்கு வரும் முன் என் மகளிடம் இதைப் போனில் படித்துக் காட்டினேன். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், சனிக்கிழமைகளில் ஒரு பள்ளி அணிக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் கொடுத்த கன்ட்ரோலரை நாம் திருப்பிக் கொடுத்தோமா வாப்பா?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அது இன்னும் எங்கள் வீட்டு ஷெட்டில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், திரும்பிப் போனதும் முதல் வேலையாக அதைத் தபாலில் அனுப்பப் போகிறேன்.