சவரத் தொழிலும் நம் இளைஞரும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"சர்வகலாசாலையிற் படிக்கின்ற பிள்ளை, ஏதாவது நல்ல விடயமாகப் பேசு" என்று செயலாளர் அண்ணர் எனக்குக் கட்டளையிட்டார். எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று கேட்டபோது, சவரத் தொழில் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "வேறு விடயம் ஒன்றும் இல்லையோ தம்பி?" என்றார். வேறு விடயங்கள் பல உண்டு. ஆயினும் இம் மன்றத்தின் மேசைமேல் இப்பொழுது ஒரு விண்ணப்பம் கிடக்கிறது. தெருவைப் பார்த்த நமது கடை அறையை வாடகைக்குக் கேட்டு, அதிலே சலூன் வைக்க விரும்பும் ஓர் இளைஞன் எழுதியது. அவ்விளைஞன் என் தம்பி. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பப்பா கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழுள்ள ஊர்களில் வீடு வீடாகச் சென்று சவரஞ் செய்தவர். கையில் ஓர் அடைப்பம். அதனுள் இரண்டு கத்தி, ஒரு கத்தரிக்கோல், சீப்பு, தீட்டுகின்ற தோல்வார், ஒரு துண்டு சீனக்காரம், உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. கூலி காசாக வருவதில்லை. அறுவடை முடிந்த பின்னர் களத்திலே நெல்லாக அளக்கப்படும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு இவ்வளவு என்று வழமை உண்டு. கூட்டிக் கேட்கும் வாய் அவருக்கு இருக்கவில்லை. எந்த வீட்டுத் திண்ணையிலும் அவர் இருந்ததில்லை. முற்றத்து மரநிழலே அவருடைய சாலை. எவ்வளவு பெரிய மனிதரின் தொண்டையிலும் கத்தி வைக்க அவரை நம்பினார்கள். அவ்வீட்டுச் செம்பில் நீர் குடிக்க விட்டார்களில்லை. பிள்ளை பிறந்து 31 ஆம் நாள் முடியிறக்கவும் அவர் வேண்டும். மூத்தவர் இறந்தால் கருமஞ் செய்யும் மகனுக்குச் சவரஞ் செய்யவும் அவர் வேண்டும். நன்மை தின்மை இரண்டுக்கும் முதலில் அழைக்கப்படுகிறவரும் கடைசியில் உணவு பெறுகிறவரும் அவரே.

எங்கள் பக்கத்திலே இத்தொழிலாளரை மரியாதையாகச் சொல்வதாயிற் 'பரியாரி' என்பார்கள். நாட்டு வைத்தியருக்கும் அதே பெயர்தான். பரிகாரஞ் செய்பவர் பரிகாரி. அது மருவிப் பரியாரி ஆயிற்று. தமிழ்நாட்டில் இச்சமூகத்தார் மருத்துவர் எனப்படுவதும், பிரசவம் பார்த்த அவர்தம் பெண்கள் மருத்துவச்சி எனப்பட்டதும் இத்தொடர்பினாலேயாம். நம் அயலிலுள்ள முஸ்லிம் மக்களிடையே சவரமும் சுன்னத்தும் செய்தவரை 'ஒஸ்தா' என்று அழைத்தனர். மேல்நாட்டிலும் கதை இதுவே. இலண்டனில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1540 இல், நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர்; 1745 இலேதான் பிரிந்தனர். பிரான்சு தேசத்து அம்புறுவாஸ் பரே நாவிதத் தொழில் பழகி வந்தவர். குண்டுபட்ட காயத்திற் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் கொடிய வைத்தியத்தை ஒழிக்க முன்னின்றவர். சாக்கிய குமாரருக்குச் சவரஞ் செய்த உபாலி அவர்களுக்கு முன்பாகவே துறவு பெற்று, அக்குமாரரின் வணக்கத்துக்கு உரியவராயினார்; புத்தர் மறைந்தபின் கூடிய முதலாவது சங்கத்தில் விநய விதிகளை ஓதியவரும் அவரே. சேனர் என்ற நாவித பக்தரின் பாடல் சீக்கியரின் கிரந்தத்துள் இடம்பெற்றிருக்கிறது.

இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டேன், ஆனால் இவை எனக்கு ஒருநாளும் உதவவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

மிஷன் பாடசாலையில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னையே நிரப்பச் சொன்னார் அப்பா. 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். அப்பா வாங்கி வாசித்தார். என்னைப் பார்த்தார். பேனையைத் திறந்து கையொப்பம் இட்டார். ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. அன்று பின்னேரம், பாடசாலைக்குப் போக முன்னர், என் தலையை அவரே வெட்டிவிட்டார். வழக்கத்திலும் கூடிய கவனத்தோடு வெட்டினார் என்பது இப்பொழுதும் ஞாபகம். அப்பாடசாலையில் எந்த ஆசிரியரும் என்னை இழிவாக ஒரு வார்த்தை கூறியவரல்லர். பின் யார் எனக்கு அப்பொய்யைச் சொல்லித் தந்தது? ஒருவரும் சொல்லித் தரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது.

தம்பி என்னைப் போன்றவன் அல்லன். உயர்தரம் எழுதினான், பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மறுமுறை எழுது என்றோம். வெளிநாடு போ என்றார் மாமா. அவனோ அப்பாவின் கதிரைக்குப் பின்னாற் போய் நின்றுகொண்டான். வீட்டிலே அழுதவர் அம்மா. "இதை விடத்தானே உங்களைப் படிப்பித்தோம்" என்றார். அவ்வழுகையை நான் குறை கூறமாட்டேன். பிறப்பினாற் சுமத்தப்பட்ட தொழிலை உதறிவிட்டு ஓடுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. எம்மவர் பலர் ஓடித்தான் தலை நிமிர்ந்தார்கள். ஆனால் தம்பி சொன்ன மறுமொழி வேறு: "அப்பப்பாவுக்கு இது விதி, எனக்கு இது தொழில்." அவனோடு இப்பொழுது பழகுகிறவர் இருவர். ஒருவன் பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். மற்றவன் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. இவர்களுடைய பாட்டன்மார் எவரும் அடைப்பம் தூக்கியவர் அல்லர்.

இத்தொழிலிலிருந்து எழுந்தவரைச் சொல்வதென்றால் டொமினிக் ஜீவாவைச் சொல்லாமல் விடலாகாது. 1927 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லி அவமதிக்கப்பட்டதனாற் படிப்பை விட்டு, தந்தையின் சலூனுக்கு வந்தவர். அங்கே பத்திரிகை வாசித்தார், வந்தவர்களோடு கதைத்தார், எழுதத் தொடங்கினார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் 'மல்லிகை' மாசிகையைத் தொடங்கி, 2012 வரை நடத்தினார். தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார். 2021 தை மாதத்தில் மறைந்தார். அவரைப் புகழ்வோர் பலர், சவரத் தொழிலிலிருந்து 'மீண்டு' எழுத்தாளரானார் என்று பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. அவர் தம் தொழிலை மறைத்தவரல்லர். அதனை முன்னே வைத்தே பேசினார். படிவத்திற் பொய் எழுதியவன் நான்.

நிற்க. இத்தொழிலைத் தொடங்குகிறவன் என்ன கற்க வேண்டும் என்று இங்குள்ள இளைஞர் சிலர் கேட்டனர். நானும் பக்கத்திலிருந்து பார்த்தவனே, பார்த்ததைச் சொல்லுகிறேன்.

முதல் மாதம் விளக்குமாறு. இரண்டாம் மாதமும் விளக்குமாறு. அதன் பின்னர், ஊதிய பலூனிற் சவர்க்கார நுரை பூசி, பலூன் வெடியாமல் நுரையை மாத்திரம் கத்தியால் வழிக்கப் பழக வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கிழமையாகப் பட்டாசுச் சத்தம்! கையின் பாரம் போனபின்புதான் மனிதக் கன்னம். அதுவும் முதலில் என் கன்னம். மயிர் எப்பக்கம் சாய்ந்து முளைக்கிறதென்று விரலால் தடவி அறிந்து, அதன் போக்கிலேயே முதல் வழிப்பு வழிக்க வேண்டும். எதிர்த்து வழித்தால் தோல் சிவந்து பருக்கட்டும். மெசின் வெட்டுக்கு இலக்கம் உண்டு: ஒன்றாம் இலக்கம் 3 மில்லிமீற்றர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. இதை ஒரு மணித்தியாலத்திற் படித்துவிடலாம். ஆனால் சீப்பின்மேற் கத்தரிக்கோல் ஓட்டி வெட்டுவது ஓராண்டுப் பாடம். அதனை அப்பா விடாப்பிடியாகப் பழக்கினார். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது அப்பிடிவாதத்தின் பயன் தெரிந்தது. மெசினை மாத்திரம் நம்பிய கடைகள் சோர்ந்திருக்க, அப்பா கதிரையைத் தூக்கி வாசல் வெளிச்சத்திற் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

சுத்தத்தைப் பற்றிப் பெரியோர் கேட்பது நியாயமே. ஈரலைத் தாக்கிச் செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாயினும் உயிர் தரித்திருக்கும். ஆதலால் ஆளுக்கொரு புதிய பிளேற் போட வேண்டும். அதுவும் வந்தவர் கண்முன்னே உறை பிரித்துப் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சீனக்காரக் கட்டியைத் தேய்க்கலாகாது. தூளாக்கிப் பஞ்சில் தொட்டு, அப்பஞ்சை எறிந்துவிட வேண்டும். மெசின் பற்களை ஒவ்வொருவருக்கும் பின் மதுசாரத்தால் துடைக்காவிடிற் படர்தாமரை ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போகும். இன்னொன்று: கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்கும் உபசாரம். அதனைக் கேட்டு வருகிறவர்கள் பலர். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அதனாற் கிழிந்து பாரிசவாதம் வரக்கூடும். தம்பி அதனைச் செய்வதில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறான். கேட்டுக் கோபித்துப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

வருமானம்? தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. இதைவிட உறுதியான முதலீடு எது? அத்தோடு மன்னாரிலே ஒரு விசேடம் உண்டு. நம்மவர் செவ்வாயும் வெள்ளியும் தலையிற் கத்தி வைக்கமாட்டார்கள். முஸ்லிம் சகோதரரோ ஜும்ஆவுக்கு முன்னர் முடி திருத்த வருவார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தாடியோடு திரிவார்கள். அப்பொழுது நத்தாருக்கு ஆயத்தமாகும் கத்தோலிக்கர் வந்து நிறைவார்கள். மடுத் திருவிழா ஆவணியில். பெருநாட்கள் பிறை பார்த்து. ஒரு சமயத்தவர் விரதம் இருக்கையில் இன்னொரு சமயத்தவர் கொண்டாடுகிறார்கள்; கதிரை வெறுமையாவதில்லை. இதற்கு ஈடாகக் கால் நோகும். நாள் முழுவதும் நின்று அப்பாவின் கெண்டைக்காலில் நாளங்கள் கயிறுபோற் புடைத்திருக்கின்றன.

இப்பொழுது இத்தொழிலுக்கும் அரசாங்கச் சான்றிதழ் உண்டு. ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற்தகைமையிற் சிகையலங்காரமும் ஒன்று. நெடுங்காலம் தொழில் செய்தவர் வகுப்புக்குப் போகாமலே தம் கைத்திறனைக் காட்டி அதனைப் பெறவும் வழியுண்டு. அப்பாவை விண்ணப்பிக்கச் சொன்னோம். "என்னைச் சோதிக்க வருகிறவரின் தலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்" என்று சிரித்தார். படிவம் வீட்டில் இருக்கிறது. தம்பி தன் படிவத்தை நிரப்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தை அவன் யோசியாமல் நிரப்பினான். எழுத்துப் பிழையும் இருந்தது. நான் திருத்தவில்லை.

இனிக் கடை அறைக்கு வருகிறேன். கோயில் வீதிக்கு அண்மையில் மயிர் விழலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார் என்று அறிந்தேன். நேர்த்திக்கு முடியிறக்குவது கோயிலிலேதானே, ஐயா? பழனியில் இறங்கும் மயிர் எவ்வளவு! தமிழ்நாட்டு அரசு 2021 இல் கோயில்களில் முடியிறக்கும் கட்டணத்தை நீக்கி, அத்தொழிலாளருக்கு மாதம் 5,000 ரூபா ஊக்கத்தொகை அறிவித்தது. கோயிலுக்குள்ளே வேண்டப்படும் கை, கோயிலுக்கு அருகே வேண்டாததாகும் நியாயம் எனக்கு விளங்கவில்லை. மயிர் தெருவுக்கு வராது. மூடிய சாக்கிற் கட்டப்படும். மயிரில் நைதரசன் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு உண்டு. தென்னைக்குத் தாழ்த்தினால் மெல்ல மெல்லப் பசளையாகும். தென்னை வைத்திருப்போர் இச்சபையிலே பலர் இருக்கிறீர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நமது வாசிகசாலை அந்த அறைக்கு அடுத்த சுவர். அங்கே பிற்பகலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நூலகப் பொறுப்பாளருக்குத் தெரியும். அவரை நான் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நம் கடலுக்கு அக்கரையில், தூத்துக்குடியில், பொன். மாரியப்பன் என்பவர் தமது சலூனுக்குள்ளேயே நூல்நிலையம் அமைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். முறைக்குக் காத்திருப்போர் வாசிக்கிறார்கள். வாசிப்போருக்குக் கூலியிற் குறைத்துக்கொள்கிறார். 2020 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் அவரோடு தமிழிலே பேசினார். அவர் நூல்களைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. நம்மிடம் நூல்கள் இருக்கின்றன, காத்திருப்போர்தாம் இல்லை. இடையிலுள்ள கதவைத் திறந்துவிட்டாற் போதும்.

அறையைக் கொடுப்பதும் விடுவதும் நிர்வாக சபையின் முடிவு. கொடாவிட்டால் அவன் பஸ் நிலையப் பக்கமாக ஓர் இடம் பார்த்திருக்கிறான். வாடகை கூட, தண்ணீர் வசதி குறைவு, ஆயினும் தொடங்கியே தீருவான். நான் கேட்பது ஒன்று. மறுப்பதாயின் வாடகையைக் காரணம் காட்டுங்கள், தண்ணீரைக் காரணம் காட்டுங்கள், வேறொருவர் கூடக் கேட்டார் என்று சொல்லுங்கள். அவை யாவும் அவன் மறுமொழி சொல்லக்கூடிய காரணங்கள். அப்பப்பாவைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காரணத்தை மாத்திரம், வேறு பெயரில், அவனிடம் கொடுத்து அனுப்பவேண்டாம்.

தம்பி பின்வரிசையில் இருக்கிறான். முற்பணம், திறக்கும் நேரம், கழிவுநீர் ஆகியவை பற்றிக் கேட்க விரும்புவோர் இப்பொழுதே அவனைக் கேட்கலாம்.