உன்னிச்சைக் குளம்

மட்டக்களப்பு என்றவுடன் நேயர்கள் உள்ளத்தில் நீர்ப்பரப்பொன்று தோன்றுதல் இயல்பு. ஆனால் அவ்வாறு தோன்றுவது உவர்நீர். பாடும் மீனும், கல்லடிப் பாலமும், நிலவொளியில் தோணிப் பயணமும் பல முறை பேசப்பட்டவை. அமெரிக்க நாட்டு இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் 1950களில் அம்மீன்களின் ஓசையை ஒலிப்பதிவு செய்த பின்னர், வாவியைக் கண்ணாற் காணாதோரும் அதனைக் காதாற் கேட்டறிந்தனர். அந்த வாவிக்கு மேற்கே, பாடவும் அறியாமல், பாடப்படவும் பெறாமல், நன்னீர்ப் பரப்பொன்று கிடக்கின்றது. அதுவே உன்னிச்சைக் குளம்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, மட்டக்களப்பு நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கடலோரப் பகுதி எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ள உட்பகுதி படுவான்கரை. இத்துணை அழகிய பெயர்களை இட்டவர் யாரென்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எழுவான்கரையில் நகரமும் பெரிய பாடசாலைகளும் கடைத்தெருக்களும் உள்ளன. படுவான்கரையில் உள்ளவை வயலும் காடும் கல்லும். ஒரு கரையார் உண்ணும் சோறு மறு கரையிலிருந்து வருவதென்பது பழைய செய்தி. குடிக்கும் தண்ணீரும் அங்கிருந்தே வருகின்றதென்பது சற்றுப் புதிய செய்தி.

நகரிலிருந்து குளத்துக்குச் செல்பவர் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவில் இறங்குகின்றார். வழி முழுவதும் இருபது மைலுக்கு மேற்படாது. எனினும் நிலத்தின் தோற்றம் அதற்குள் பல முறை மாறுகின்றது. முதலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வட்டைகள். மட்டக்களப்பார் நெல்வயற் பரப்பை வட்டை என்பர். நெற்பயிரை வேளாண்மை என்ற பொதுப் பெயராலேயே அழைப்பர், வேறு பயிரெதுவும் அப்பெயருக்கு உரியதன்று என்பதுபோல. பின்னர் வயல்கள் ஒடுங்கிப் பற்றைகள் தொடங்குகின்றன. ஆயித்தியமலையை அண்மித்ததும் மண் தடித்து, கருங்கற் பாறைகள் ஆங்காங்கே முதுகு காட்டுகின்றன. தெற்கே முருகன் கோயில் கொண்ட தாந்தாமலையும், வடமேற்கே குடும்பிமலையும் இந்தக் கற்பூமியைச் சேர்ந்தவையே. மரங்கள் உயரம் குறைந்து முறுகி நிற்கின்றன. கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இவ்விடத்து இலைகளைக் கருக்கிவிடும். இத்தகைய வறண்ட வழியின் முடிவில் குளக்கட்டின் மீது ஏறி நிற்பவர், முதலில் தம் கண்களை நம்பத் தயங்குவார்.

காலை வேளையில் அந்நீர் அசைவதில்லை. நீருக்குள் நின்றபடியே பட்டுப்போன மரங்களின் வெளுத்த கொம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கரையோரத்து மருதமரங்களின் நிழல் மரங்களைவிடத் தெளிவாகத் தெரியும். சிறிய தோணியில் ஒருவர் வலையை எடுத்துக்கொண்டிருப்பார். அவ்வலையில் விராலும் இருக்கும். ஆனால் பெரும்பங்கு திலாப்பியாவாகவே இருக்கும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆபிரிக்க மீன், இன்று நாட்டுக் குளங்களில் தனக்கே உரிமை என்றவாறு பெருகிவிட்டது. கோடையில் நீர் வற்ற வற்ற, ஈரம் காயாத குளத்தின் ஓரங்களில் புல் முளைக்கும். மாடுகளும் எருமைகளும் அதனைத் தேடி வரும். மட்டக்களப்புத் தயிரைப் புகழ்பவர்கள் இந்தப் புல்லையும் ஒரு சொல் புகழ்ந்தால் தகும்.

இவ்வமைதியைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுபவர் குளத்தின் பாதியையே கண்டவராவார். அங்கே அசையாது கிடக்கும் நீரில் யாருக்கும் உரியதல்லாத துளி இல்லை. அனைத்தும் எண்ணப்பட்டு, கேட்கப்பட்டு, சில வேளைகளில் வழக்காடப்பட்டும் இருக்கின்றது.

குளமென்பது இங்கே வெறும் பள்ளத்தில் தேங்கிய நீரன்று. ஓடிவரும் ஆற்றை மறித்து எழுப்பிய கட்டு. வேண்டிய அளவு நீரை வாய்க்காலுக்கு விடும் துருசு. மிகுந்த நீர் கட்டை உடைக்காது வெளியேறும் வான் — இம்மூன்றும் சேர்ந்ததே குளம். மட்டக்களப்பில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையுள்ள மாரியில் பெய்துவிடுகின்றது. மாரியில் விதைக்கும் பெரும்போகத்துக்கு வானமே பாதித் துணை. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கோ குளத்தைத் தவிர வேறு துணையில்லை. ஆகையால் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூட்டம் கூடுகின்றனர். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த நாளில் விதைப்பு, எந்த நாளில் முதல் நீர், கால்நடைகளை எப்போது வயற்புறத்திலிருந்து அகற்றுவது என்பன அங்கே முடிவாகின்றன. முடிவானதை வயலில் நடத்திவைப்பவர் வட்டவிதானையார். இந்த வழக்கங்கள் மிகப் பழையன. அவற்றைத் தாமே புதிதாக அமைக்காமல், இருந்த வழக்கத்துக்கே சட்ட வலுக் கொடுத்தது பிரித்தானிய ஆட்சி. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் அவ்வாறு பிறந்ததே. அதனைச் செய்த தேசாதிபதி சேர் ஹென்றி வாட், கீழ்மாகாணத்துக் குளங்களைப் பழுதுபார்ப்பதிலும் ஊக்கம் காட்டியவர். அந்நிய ஆட்சியாளர் நம்மவர் கூட்டத்தின் முடிவுக்குத் தலைவணங்கிய சில சந்தர்ப்பங்களுள் இஃதொன்று என்று சொல்லலாம்.

இக்கூட்டத்திலே மிகக் கவனமாகப் பேசுபவர் கடைமடைக்காரர். துருசுக்கு அருகில் வயல் உள்ளவர் உரத்துப் பேசத் தேவையில்லை. நீர் அவர் வரம்பைத் தொட்டுக்கொண்டே செல்லும். வாய்க்காலின் அந்தத்தில் இருப்பவருக்கு ஒரு நாட் தாமதம் ஒரு போகத்தின் இழப்பாக முடியலாம். அண்மைக் காலத்தில் அவருக்கும் பின்னால் இன்னொருவர் வந்து வரிசையில் நிற்கின்றார். அவர் கையில் மண்வெட்டி இல்லை, குழாய் இருக்கின்றது.

எழுவான்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக மணற்கிணற்று நீரையே பருகி வந்தனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணலுக்குள், உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவோடு அள்ளினால் அது இனிக்கும். பேராசையோடு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கிணறுகள் பலவற்றை உப்பாக்கிச் சென்றது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் உன்னிச்சை நீரை வவுணதீவுக்குக் கொண்டுவந்து, அங்கே சுத்திகரித்து, வாவிக்கு அப்பால் நகரத்துக்கும் கடலோர ஊர்களுக்கும் அனுப்பும் திட்டம் நிறைவேறியது. அது பெரிய காரியம். அதனால் நோய் குறைந்த வீடுகள் பல இருக்கும்.

ஆயினும் படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடு பல ஆண்டுகளாக எழுந்தது. குளம் எங்கள் ஊரில். குழாயோ எங்கள் வாசலைக் கடந்து போகின்றது. எங்களுக்குக் குடிக்க நீர் இல்லை என்பதே அது. இம்முறைப்பாடு மிகையன்று. குளத்தை அண்டிய நிலத்தின் அடியில் இருப்பது மணல் அன்று, பாறை. கிணறு தோண்டினால் சில முழத்தில் கல் தட்டும். கிடைக்கும் சிறிது நீரும் ஆவணிக்குள் வற்றிவிடும். தண்ணீர் ஏற்றிவரும் பவுசரை எதிர்பார்த்துக் கலங்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்திருந்த ஊர்கள், பரந்த நீர்ப்பரப்பிலிருந்து அதிக தூரத்தில் இருந்தவை அல்ல. நகரத்தார் குழாயைத் திறக்கும்போது இதனை நினைப்பாரா என்பது ஐயமே. நீரைக் காத்து நிற்பவன் தாகத்தோடு நிற்பதை எந்தப் பொறியியலும் நியாயமென்று சொல்லாது.

இவ்வூர்கள் அனுபவித்த துன்பம் இது மட்டுமன்று. 2009 வரை நீடித்த போரின் காலத்தில், வவுணதீவைக் கடந்து இப்பக்கம் வருவதே ஒரு சோதனையாயிருந்தது. 2007ஆம் ஆண்டின் தாக்குதல்களின்போது படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத வயல்களில் காடு ஏறிற்று. காட்டைத் தொடர்ந்து யானையும் வந்தது. மக்கள் மீண்டனர். யானைகள் போகவில்லை. வேளாண்மை கதிராகும் காலத்தில் இரவு முழுவதும் பரணில் விழித்திருப்பது இன்றும் இங்குள்ளோர் கடமை. மாலையில் குளத்துக்கு நீர் அருந்த வரும் யானைக் கூட்டத்தைக் கண்டு பயணி வியக்கின்றார். அதே கூட்டம் அன்றிரவு எந்தத் திக்கில் திரும்பும் என்று கணக்குப் பார்க்கின்றார் ஊரவர்.

கோடையின் உச்சத்தில், வைகாசி மாதத்தில், மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோயில்களிலே குளிர்த்திச் சடங்கு நடைபெறும். கோபம் தணியாத அம்மனைக் குளிர்விக்க வேண்டி நீர் தெளிப்பது அதன் உட்கிடை. நீரின் அருமை அறிந்த மக்களே இத்தகைய சடங்கை உண்டாக்கியிருத்தல் கூடும்.

மாரி வந்ததும் காட்சி முற்றிலும் மாறிவிடும். மேற்கேயுள்ள மலைச்சாரல்களிற் பெய்த மழை கலங்கிய செந்நீராக வந்து சேர, சில நாட்களுக்குள் குளம் நிரம்பும். அமைதியான அந்நீருக்கு அப்போதுதான் குரல் பிறக்கின்றது. வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி வானொலியில் சொல்லப்படும். தாழ்நிலத்தில் இருப்போர் சாமான்களைப் பரண்மேல் ஏற்றுவர். ஆயித்தியமலை வீதியை வெள்ளம் மூடும்; வள்ளங்கள் வீதியிலே ஓடும். 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தில் அறுவடையை எதிர்நோக்கி நின்ற வேளாண்மை பெருமளவில் அழிந்தது.

அந்த வெள்ளம் இறுதியில் சென்றடையும் இடம் வாவிதான். அங்கே உவர் தணிந்து, நீர்மட்டம் ஏறி, முகத்துவாரத்து மணற்றிட்டை முட்டும். திட்டை உடனே வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டுமென்று வயற்காரர் கேட்பர். காலமறிந்து வெட்டாவிடின் இறாலும் மீனும் கெடுமென்று மீன்பிடிப்பார் சொல்வர். மாரிதோறும் இப்பேச்சு பாலமீன்மடுவில் நடக்கின்றது. கோடை வந்ததும், துருசுக்கு மேலே எத்தனை அடி நீர் மிஞ்சியிருக்கின்றது என்ற கேள்வியோடு, மறுகரையில் அடுத்த கூட்டம் தொடங்கும்.