கரிம வரிக்கு மக்கள் வாக்கெடுப்பா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று எடுத்துக்கொண்ட பொருள் நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுச் சங்கதி என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியேறும் கரியமில வாயு உலகைச் சூடாக்குகிறது. அந்த வாயுவைக் கணக்கிட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று விதிப்பதுதான் கரிம வரி. கார்பன் வரி என்றும் எழுதுகிறார்கள். இப்படியொரு வரியை நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டுமா, அல்லது மக்களே நேரில் வாக்களித்து முடிவு செய்ய வேண்டுமா? இதுதான் கேள்வி.

நம் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவோம். மக்களைக் கேட்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வரவு செலவுக் கணக்கைக் காட்டாமல் கேட்பதும், வரிச்சுமையைத் தாங்கப்போகிறவனை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கேட்பதும் மக்களாட்சி ஆகாது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2010 தேர்தலின்போது கரிம வரி கொண்டுவர மாட்டோம் என்று சொன்னவர் பிரதமர் ஜூலியா கில்லார்ட். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சியின் ஆதரவோடு ஆட்சி நடத்த வேண்டி வந்தபோது, 2011இல் அதே வரியைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் விடுவாரா? மக்களையே கேட்டுப் பார்ப்போம் என்று அவ்வாண்டு ஜூனில் பொது வாக்கெடுப்புக்கு மசோதா கொண்டுவந்தார். வாக்குறுதி கொடுத்து மாறியவரிடம் இப்படிக் கேட்டது நியாயமாகவே பட்டது. ஆனால் அங்கே அத்தகைய வாக்கெடுப்பின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. வாக்கெடுப்பில் வரி வென்றாலும் தம் எதிர்ப்பு நிற்காது என்பதையும் அபாட் மறைக்கவில்லை. அப்படியானால் அது மக்களிடம் தீர்ப்புக் கேட்பதா, மக்களை ஆயுதமாக எடுப்பதா? மசோதா நிறைவேறவில்லை.

2012 ஜூலை 1 அன்று டன்னுக்கு 23 டாலர் என்று வரி நடைமுறைக்கு வந்தது. மின்கட்டணம் ஏறும் என்பதால், வருமான வரி இல்லாத வரம்பை ஆண்டுக்கு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலருக்கு உயர்த்தினார்கள். கூலிக்காரனுக்கு அது பெரிய நிவாரணம். ஆனால் ஏறிய மின்கட்டணம் கண்ணில் பட்டது போல, குறைந்த வருமான வரி கண்ணில் படவில்லை. 2013 தேர்தலில் அபாட் வென்றார். 2014 ஜூலையில் கரிம வரி ரத்தாயிற்று. அதன் பொருட்டு உயர்த்திய வருமான வரி வரம்பு மட்டும் ரத்தாகவில்லை.

அடுத்து சுவிட்சர்லாந்து. நேரடி வாக்கெடுப்பு அங்கே அன்றாட வழக்கம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 பேர் கையெழுத்திட்டால், அது மக்கள் வாக்குக்கு வந்தே தீரவேண்டும். அங்கே 2015இல், மதிப்புக் கூட்டு வரியை நீக்கிவிட்டு எரிசக்திக்கு வரி போடலாமா என்று கேட்டபோது 100க்கு 92 பேர் வேண்டாம் என்றார்கள். 2021 ஜூனில் கரிம வரியின் உச்சவரம்பை 120 பிராங்கிலிருந்து 210 ஆக்கவும், விமானப் பயணச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்கவும் வகைசெய்த சட்டம் 51.6 சதவீத எதிர் வாக்கில் தோற்றது. ஆனால் 2023 ஜூனில், புது வரி ஏதுமின்றி, பழைய எண்ணெய்க் கொதிகலன்களை மாற்ற அரசே உதவித்தொகை தரும் என்ற சட்டத்துக்கு 59 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள். இரண்டே ஆண்டில் சுவிஸ் மக்கள் மாறிவிட்டார்களா? கேட்ட கேள்வி மாறியது. இதை வைத்து மக்கள் சுயநலக்காரர்கள் என்று படித்தவர்கள் சிலர் பேசுவதுண்டு. நாம் அதை ஒப்பவில்லை. தன் கையிலிருந்து போவது தெளிவாகவும், திரும்பி வருவது மங்கலாகவும் தெரிந்தால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் தரும் பாடம் இன்னும் பெரியது. 2016இல் அங்கே கரிம வரி மக்கள் வாக்குக்கு வந்து தோற்றது. 2018இல் டன்னுக்கு 15 டாலர் கட்டணம் என்று மறுபடி வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எதிர்ப் பிரசாரம் செய்தன; மறுபடியும் தோற்றது. பின்னர் 2021இல் மாநிலச் சட்டமன்றமே வேறொரு வழியில் சட்டம் இயற்றியது. மொத்த மாசுக்கு வரம்பு கட்டி, மாசு விடும் உரிமையை ஏலத்தில் கம்பெனிகளுக்கு விற்பது என்பது அதன் ஏற்பாடு. இதனால் பெட்ரோல் விலை ஏறிவிட்டது, சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று 2024 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. ஏறத்தாழ 62 சதவீதம் பேர், ரத்து செய்யக்கூடாது என்றார்கள்! அதற்குள் ஏலப் பணத்திலிருந்து வருமானம் குறைந்த குடும்பங்களின் மின்கட்டணத்தில் 200 டாலர் கழிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் இலவசப் பேருந்துப் பயணத்துக்கும் அந்தப் பணம் உதவியது. பலனைப் பார்த்தபின் மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கரிம வரி நமக்குப் புதிதல்ல. பெயர்தான் வேறு. 2010 ஜூலை முதல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் விதிக்கப்பட்டது. அது 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 என்று ஏறியது. பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும் நாட்டில், அந்தச் சுமை கடைசியில் எங்கே வந்து விழும்? மின்கட்டணத்தில். சுத்தமான எரிசக்திக்கு என்று சொல்லித்தான் வசூலித்தார்கள். 2017-18 வரை சேர்ந்த தொகை ஏறத்தாழ 86,000 கோடி ரூபாய். அதற்கென ஏற்படுத்திய நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 16,000 கோடி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸாக உருமாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். போட்டபோதும் நம்மைக் கேட்கவில்லை, திருப்பிவிட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை.

அதனால் இந்தியாவிலும் நேரடி வாக்கெடுப்பு வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நம் அரசியல் சட்டத்தில் வரிக்கு மக்கள் வாக்கெடுப்பு என்ற ஏற்பாடே இல்லை. ஆனாலும் மக்கள் கருத்தை நேரில் கேட்ட முன்மாதிரி உண்டு. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம், மகாராஷ்டிரத்தோடு இணைகிறீர்களா, தனியே இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். 34,021 வாக்கு வித்தியாசத்தில், தனியே இருப்போம் என்றது கோவா. ஆனால் பிழைப்புக்காக வெளியூர் போயிருந்த கோவாக்காரர்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இங்கேதான் நம் வயிற்றைத் தொடும் விஷயம் இருக்கிறது. ஊரை விட்டு வந்து இங்கே வாடகைக்கு இருப்பவரின் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. உடம்பு இங்கே இருக்கிறது. வாக்களிக்க வேண்டுமானால் ரயிலேறி இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். வெளியூரில் இருப்பவர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசியது. அது தேர்தலில் நடைமுறைக்கு வரவில்லை. நாளைக்கே வாக்கெடுப்பு வைத்தால் நம்மில் எத்தனை பேர் வாக்களிப்போம்? நிவாரணத்தின் கதையும் இதுவே. மின்கட்டணத்தில் கழித்துத் தருவோம் என்றால், மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று நம்மிடம் வசூலிப்பவர் அவர். கழிவு நம் கைக்கு வருமா?

ஆகவே நாம் சொல்வது மூன்று. ஒன்று, வரி வேண்டுமா வேண்டாமா என்ற மொட்டைக் கேள்விக்கு வாக்கெடுப்பு வேண்டாம். யார் கட்டுவது, பணம் எங்கே போவது, ஏழைக்கு எந்த வழியில் திரும்புவது என்பதெல்லாம் சட்டத்திலேயே எழுதப்படட்டும். இரண்டு, நாடாளுமன்றம் விவாதித்து இயற்றட்டும். ஆண்டுதோறும் கணக்கை வைக்கட்டும். சில ஆண்டு நடந்தபின், நீடிக்கலாமா என்று மக்களைக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கட்டும். மூன்று, எந்த வாக்கெடுப்பானாலும், பிழைப்புத் தேடிப் போனவன் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்யட்டும்.

இதில் நம் கையிலேயே உள்ள வேலை ஒன்றும் உண்டு. இங்கேயே தங்கிவிட்டவர்கள் படிவம் 8 கொடுத்து, வாக்காளர் பட்டியலில் முகவரியை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளுக்குப் படிவம் 6. பூர்த்தி செய்யத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள். கேட்கிற நாள் வரும்போது நம் பெயர் பட்டியலில் இருக்கவேண்டும்.